அக்கா ஊர்த் தண்ணீரும் மறந்துபோன மாத்திரை அட்டையும்

கடிதம் எழுதியவர் மேற்கு மாவட்டம் ஒன்றில் பேருந்து நடத்துநர். வயது 47. ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

பத்து மாதமாக அவருக்கு வயிறு சரியில்லை. அதிகாலை எழுந்ததும் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கிறது. கழிப்பறைக்குப் போய்வந்தால் வலி விடுகிறது. அரை மணி நேரத்தில் மறுபடி ஓட வேண்டியிருக்கிறது. காலை ஒன்பதுக்குள் மூன்று நான்கு முறை, பெரும்பாலும் தண்ணீராக. முதல் நடை 4.50க்கு. வழியில் எந்தப் பேருந்து நிலையத்தில் கழிப்பறை அந்நேரத்துக்குத் திறந்திருக்கும், எங்கே குழாயில் தண்ணீர் வரும் என்பதெல்லாம் மனப்பாடம் என்கிறார். ஒருநாள் ஓட்டுநரிடம் கெஞ்சி, பயணிகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தி ஓடியிருக்கிறார். அந்த அவமானத்துக்குப் பிறகு, பணி நாட்களில் மதியம் வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படுவதில்லை. விடிகாலையில் ஒரு வாய் கடுங்காப்பி, அவ்வளவுதான். பதினொரு மணிவாக்கில் கை நடுங்குகிறது. சட்டை நனையும்படி வியர்க்கிறது. சில்லறைக் கணக்கு பிசகுகிறது. தின்றதெல்லாம் வயிற்றோடு போவதால் வந்த பலவீனம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மருந்துக் கடையில் "வயிற்றுப்போக்கு" என்று சொல்லி ஐந்து முறை மாத்திரை வாங்கியாயிற்று. தாமாகவே ஆய்வகத்துக்குப் போய் மலம் சோதித்ததில் "அமீபா சிஸ்ட் காணப்பட்டது" என்று சீட்டு வந்தது. மனைவி தொக்கம் எடுக்கும் பாட்டியிடம் கூட்டிப் போனார். பால், தயிர், கீரை, காரம் எல்லாம் நிறுத்தப்பட்டன. எடை 74 கிலோவிலிருந்து 68க்கு வந்துவிட்டது. ஒருநாள் மலம் சிவப்பாகப் போனதாகவும் நினைவு. பணிமனையில் கூட வேலை பார்த்தவர் பெருங்குடல் புற்றுநோயில் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதிலிருந்து தூக்கமும் போயிற்று.

இடையில் ஐந்தே ஐந்து நாள் வயிறு வாய்திறக்கவில்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கும் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்த நாட்கள் அவை. ஆகவே தண்ணீர்தான் காரணம் என்று முடிவுசெய்து, தெற்கே இடமாற்றம் கேட்டு விண்ணப்பமும் எழுதி வைத்திருக்கிறார். அவர் கேட்பது மூன்று: இது அமீபாவா? புற்றுநோயா? விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாமா?

கையெழுத்துக்கும் கீழே, வேறு மையில், இரண்டு வரி: "சர்க்கரை உண்டு. சித்திரையில் தெரிந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். அக்கா வீட்டுக்குப் போனபோது மட்டும் அட்டையை மறந்து வைத்துவிட்டேன்." கூடவே மருந்துச் சீட்டின் நகல். மெட்ஃபார்மின், முதல் இரண்டு வாரம் 500 மில்லிகிராம், பிறகு 1000, காலையும் இரவும் சாப்பிட்ட பின். கிளிமெபிரைடு 2 மில்லிகிராம், காலை உணவுக்குச் சற்று முன்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆறு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். என்னென்ன சாப்பிட்டீர்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. ஆனால் முதல் வாசிப்பில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான். மருத்துவமனையிலும் இப்படித்தான் நடக்கும். எழுந்து கதவைத் திறந்தபடி, "ஆமாம் டாக்டர், இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்" என்பார்கள். உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தில் சொன்னதைவிட அதற்குத்தான் எடை அதிகம். உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைத் தள்ளிப்போட முடியாது.

பதினொரு மணி நடுக்கம்

கிளிமெபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது விசாரிப்பதில்லை. விடிகாலை நாலரைக்குக் கடுங்காப்பியோடு அதை விழுங்கிவிட்டு மதியம் வரை பட்டினி கிடந்தால், ரத்தத்தில் இருக்கும் சொற்பச் சர்க்கரையும் இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கணக்கு பிசகுவது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் தாழ் சர்க்கரையின் அடையாளங்கள். சத்துக் குறைவால் வரும் சோர்வு நாள் முழுக்க இழுத்துக்கொண்டு இருக்கும். கடிகாரம் பார்த்துப் பதினொரு மணிக்கு வராது. பத்து மாத வயிற்றுப்போக்கைவிட எனக்கு இதுதான் பயம். ஓடும் பேருந்தில் படிக்கட்டருகே நின்று வேலை பார்ப்பவர் நீங்கள்.

அடுத்த முறை நடுக்கம் வந்தால் உட்காருங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் பிஸ்கட்டோ இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் திரும்ப இறங்கும். குளுக்கோமீட்டர் இருந்தால், சர்க்கரை குடிப்பதற்கு முன் ஒரு துளி ரத்தம் வைத்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. மீட்டர் கையில் இல்லையென்று காத்திருக்க வேண்டாம். தொண்டை வறளாமல் இருக்கப் பையில் சர்க்கரையில்லா மிட்டாய் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் அதை வாயில் போட்டு ஒரு பயனும் இல்லை. பெயரிலேயே சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டார்களே. அந்த மிட்டாயைப் பற்றி இன்னொரு புகாரும் எனக்கு உண்டு, பிறகு சொல்கிறேன்.

கடிதம் வழியாக மாத்திரையை மாற்றுவது என் வழக்கமில்லை. இந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்: சாப்பிடப் போவதில்லை என்றால் அந்த வேளைக்குக் கிளிமெபிரைடு போடாதீர்கள். மற்றதை உங்களுக்கு மாத்திரை எழுதித் தந்த மருத்துவரிடம், இந்த வாரத்துக்குள் பேசுங்கள். நீங்கள் காலையில் சாப்பிடுவதில்லை என்பதே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

அந்த ஐந்து நாள்

வயிற்றுக்கு வருகிறேன். வயிறு கெட்டால் நாம் எல்லாரும் நேற்றிரவு என்ன தின்றோம் என்றுதான் யோசிக்கிறோம். ஒருநாள் இரண்டு நாள் போக்குக்கு அது சரியான யோசனை. பத்து மாதப் போக்குக்கு நேற்றிரவுப் பரோட்டாவைக் குற்றம் சொல்ல முடியாது. நாட்காட்டியை எடுத்து, தொடங்கிய வாரத்துக்கு முன்னால் வாழ்க்கையில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் தேதிகளையே அடுக்கிப் பார்த்தேன். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு சர்க்கரை தெரிகிறது. இரண்டு வாரம் மெட்ஃபார்மின் 500. பிறகு 1000. வைகாசி முதல் வாரம் வயிறு கலங்கத் தொடங்குகிறது. ஐப்பசியில் ஐந்து நாள் மாத்திரை அட்டை வீட்டில் கிடக்கிறது, நீங்கள் அக்கா வீட்டில் இருக்கிறீர்கள், வயிறு அமைதி. திரும்பி வந்து மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் நாள் பழைய கதை. தாமிரபரணித் தண்ணீரின் ருசியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து நாள் நீங்கள் குடித்ததைப் பற்றி மட்டும் யோசித்தீர்கள், விழுங்காமல் விட்ட மாத்திரையை மறந்துவிட்டீர்கள்.

மெட்ஃபார்மின் 1957 முதல் புழக்கத்தில் இருக்கும் மருந்து. நல்ல மருந்து, எடையைக் கூட்டாது, தனியாகக் கொடுத்தால் தாழ் சர்க்கரையும் அரிது. அதன் முக்கியத் தொல்லை குடல்தான். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகக் குடல் சுவரில் தங்கிக்கொள்ளும். பித்த அமிலங்கள் சிறுகுடலிலேயே உறிஞ்சப்படாமல் பெருங்குடல்வரை போய்ச் சேர்வதும் அதனால் கூடுகிறது. போய்ச் சேர்ந்தால் பெருங்குடல் தண்ணீரைக் கொட்டும். சாப்பிடுபவர்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேருக்காவது வயிற்றுப்போக்கோ குமட்டலோ வயிற்றுப் பிடிப்போ வருகிறது. பலருக்குச் சில வாரத்தில் பழகிவிடும், சிலருக்குப் பழகாது. வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம். சீட்டில் "சாப்பிட்ட பின்" என்று எழுதியிருக்கிறது. நீங்கள் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டதால் கடுங்காப்பிக்குப் பின் என்றாகிவிட்டது. காப்பி தன் பங்குக்குக் குடலை முடுக்கும். போக்குக்குப் பயந்து பட்டினி, பட்டினி வயிற்றில் மாத்திரை, அதனால் இன்னும் போக்கு என்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

சர்க்கரை என்று தெரிந்த அதே மாதத்தில் வேறு இரண்டு மாற்றமும் செய்திருக்கிறீர்கள். முதலாவது அந்த மிட்டாய். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து சப்புவதாகக் கணக்கு சொல்கிறீர்கள். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் சார்பிட்டால், மால்டிட்டால் என்று இருக்கிறதா பாருங்கள். இவை குடலில் முழுதாக உறிஞ்சப்படாத இனிப்புகள். கொஞ்சம் அதிகமானால் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, வாயுவையும் கிளப்பிவிடும். சார்பிட்டாலை மலமிளக்கியாகவே விற்கிறார்கள். இரண்டாவது, இரவில் ஊறவைத்து விடிகாலையில் விழுங்கும் வெந்தயம். வெந்தயம் நல்லதுதான், ஆனால் இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் பேருந்தில் நின்றால், என் வயிறாக இருந்தாலும் முறுக்கும். மிட்டாயை இன்றே நிறுத்துங்கள், தொண்டைக்கு வெந்நீர் போதும். வெந்தயத்தை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள்.

மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஐந்து நாள் மறந்ததில் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். சர்க்கரை ஏறுவது வயிற்றைப்போலச் சத்தம் போடாது. மருத்துவரிடம் சொன்னால் அவருக்கு வழிகள் இருக்கின்றன: அளவைக் குறைத்துப் படிப்படியாக ஏற்றலாம், மெல்லக் கரைந்து இறங்கும் வகைக்கு மாற்றலாம், அட்டையில் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று போட்டிருக்கும், பலருக்கு அதிலேயே வயிறு அடங்கிவிடும். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மருந்துக் குடும்பம். மாற்றியபின் இரண்டு மூன்று வாரத்தில் விடை தெரிந்துவிடும்.

ஆய்வகச் சீட்டில் வந்த அமீபா

அமீபா என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு தனி அந்தஸ்து உண்டு. வயிறு சரியில்லாத யாரைக் கேட்டாலும் "எனக்கு அமீபியாசிஸ் இருக்கிறது" என்பார்கள், ஏதோ பரம்பரைச் சொத்துபோல. இதில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. புறநோயாளிப் பிரிவில் முதல் இரண்டு வருடம் நானே வயிற்றுவலி என்று வந்தவர்களுக்கெல்லாம் கை பழக்கத்தில் மெட்ரோனிடசோல் என்ற அமீபா மருந்தை எழுதியிருக்கிறேன்.

நோய் உண்டாக்கும் அமீபாவுக்கு எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்று பெயர். அதற்கு அச்சு அசலாக ஒரு சாதுவான உறவினர் உண்டு, எண்டமீபா டிஸ்பார். மைக்ராஸ்கோப்பில் இரண்டின் சிஸ்டும், அதாவது உறை மூடிய உறங்கு வடிவமும், ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் வேறு வேறு இனம் என்று 1993இல்தான் முறையாகப் பிரித்தார்கள். சாது அமீபா எத்தனையோ பேர் குடலில் ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. ஆகவே "சிஸ்ட் காணப்பட்டது" என்ற வரியை வைத்துக்கொண்டு உங்கள் பத்து மாதத்துக்கு விளக்கம் சொல்ல முடியாது. உண்மையான அமீபா சீதபேதி என்றால் சளியும் ரத்தமும் கலந்து போகும், போய் முடித்தபின்னும் இன்னும் வருவதுபோல ஆசனவாயில் கடுப்பு இருக்கும். உங்களுக்கு அது எதுவும் இல்லை. சந்தேகம் தீர வேண்டுமானால் இரண்டையும் பிரித்துக் காட்டும் ஆன்டிஜென் சோதனை இருக்கிறது.

இன்னொன்று, அமீபாவாக இருந்திருந்தால் நீங்கள் வாங்கி விழுங்கிய ஐந்து தவணை மாத்திரையில் ஏதாவது ஒன்று அதை அடக்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. கடைக்காரர் கொடுத்தது ஓஃப்லாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அமீபாவுக்கான ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. ஓஃப்லாக்சசின் குடும்பத்து மருந்துகள் கிளிமெபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரையைத் திடீரென்று இறக்கக்கூடும். மயக்கம் வந்து டிப்போவில் படுத்துவிட்டதாக எழுதியிருக்கும் அந்த ஆவணி நாள், மாத்திரை வாங்கிய வாரம்தானா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். குடலில் நமக்கு வேண்டிய கிருமிகளும் இந்த மருந்துகளால் அழிகின்றன. அதனாலேயே வயிற்றுப்போக்கு வருவதும் உண்டு. கடைக்காரர் உங்களுக்கு நல்லது நினைத்துத்தான் கொடுத்திருப்பார். நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது அவருக்குத் தெரியாதே.

தொக்கம் எடுத்ததைப் பற்றிக் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கூச்சம் வேண்டாம், என் வீட்டிலும் எடுத்திருக்கிறார்கள். விளக்கெண்ணெய் தடவி வயிற்றை இதமாக நீவினால் கெடுதல் இல்லை. வலி இருக்கும்போது அழுத்திப் பிசைய மட்டும் விடாதீர்கள்.

தயிரையும் நிறுத்தியிருக்கிறீர்கள், அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். நம் பக்கம் பெரியவர்களில் பலருக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை முழுதாகச் செரிப்பதில்லை. ஒரு டம்ளர் பால் குடித்த ஓரிரு மணியில் வயிறு உப்பி இரைந்தால் அதுவாக இருக்கலாம். தயிரில் அதில் ஒரு பகுதியைக் கிருமிகளே செரித்து வைத்துவிடுவதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

தண்ணீரைச் சந்தேகித்தது பற்றி

அது மூடத்தனம் இல்லை. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நீண்ட நாள் வயிற்றுப்போக்கு கொள்ளைநோயாகப் பரவி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். அப்போது வீடு வீடாகப் படுத்தார்கள். உங்கள் வீட்டில் நான்கு பேர் ஒரே குடத்துத் தண்ணீர் குடிக்கிறீர்கள், ஒருவருக்குத்தான் போகிறது. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி மட்டும் தண்ணீர் வழி வந்து, மாதக்கணக்கில் நுரையும் நாற்றமுமாகப் போக வைக்கும். உங்கள் மருத்துவர் மலப் பரிசோதனையை மறுபடி எழுதும்போது அதையும் பார்த்துவிடுவார்.

புற்றுநோய் பயம்

உடன் வேலை பார்த்தவரைப் பறிகொடுத்தவரிடம் "சும்மா பயப்படாதீர்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் தராசில் வைத்துப் பார்ப்போம்.

உங்களுக்குச் சாதகமானவை: பத்து மாதத்தில் போக்கின் தன்மை மாறவில்லை, போனதும் வலி விடுகிறது, பசி இருக்கிறது, ஐந்து நாள் முழுதாக நின்றது. மாத்திரை மறந்தால் நின்று, போட்டால் திரும்பும் புற்றுநோயை நான் பார்த்ததில்லை. சிவப்பாகப் போன அந்த ஒருநாளுக்கு முந்தைய பக்கத்தில், அண்ணி கட்டிக் கொடுத்த பீட்ரூட் பொரியலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பீட்ரூட் பல பேருக்கு மறுநாள் இப்படிச் சிவப்புக் காட்டிப் பயமுறுத்தும். பீட்ரூட் சாப்பிடாத நாளில் சிவந்தால் அது வேறு விஷயம்.

இன்னொரு தட்டில் இருப்பவை: உங்கள் வயது, ஆறு கிலோ எடை. பாதிப் பட்டினி கிடந்தால் எடை குறையத்தான் செய்யும், மெட்ஃபார்மினும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் புதிதாகச் சர்க்கரை, கூடவே எடைக் குறைவு, கூடவே வயிற்றுப்போக்கு என்று மூன்றும் சேர்ந்து வந்தால், கணையத்தையும் தைராய்டையும் ஒருமுறை பார்க்காமல் விடக்கூடாது என்பது எங்கள் பாடம். மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு தண்ணீரில் மிதந்து, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கணையத்தின்மேல் சந்தேகம் கூடும்.

உங்களிடம் ஒரு கேள்வி. மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்தபின் வயிறு கலங்குகிறதா, அல்லது வயிறு கலங்கி, அலாரத்துக்கு முன்பே உங்களை எழுப்பிவிடுகிறதா? வாரவிடுமுறை நாளில் கவனித்துப் பாருங்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து ஆளை எழுப்பும் போக்கு என்றால் பதற்றமும் ஐ.பி.எஸ். என்ற குடல் கோளாறும் பட்டியலில் பின்னுக்குப் போய்விடும், குடல் அழற்சி முன்னுக்கு வரும்.

கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, வேண்டுமா என்று தோன்றும். முதல் நாளே வேண்டியதில்லை. மருந்தை மாற்றி ஒரு மாதத்தில் வயிறு அடங்கி, எடையும் நின்று, ரத்தப் பரிசோதனைகளும் சரியாக இருந்தால் அவசரமில்லை. மருந்தை மாற்றியும் போகிறது என்றாலோ, ரத்தசோகை இருந்தாலோ, மலத்தில் மறைந்திருக்கும் ரத்தம் சோதனையில் தெரிந்தாலோ தயங்காமல் செய்துகொள்ளுங்கள். 45 வயதைத் தாண்டியபின் மலப் பழக்கம் மாறினால் நான் தாராளமாகவே கொலோனோஸ்கோபிக்கு அனுப்புபவன். நம் நாட்டில் பெருங்குடல் புற்றுநோய் மேலை நாடுகளைவிடக் குறைவுதான். ஆனால் தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும் வகை என்பதால், பார்த்துவிடுவதில் நட்டமில்லை. அப்படிச் செய்வதானால், குடலைச் சுத்தம் செய்யும் முந்தின நாள் சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றும் பட்டினி உண்டு.

இதே வலி வேறொருவருக்கு வந்தால்

இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் வயிற்றுக்கும் மெட்ஃபார்மின்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபத்தைந்து வயதுக்காரருக்கு மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, வலது அடிவயிற்றில் வலி என்றால் நான் முதலில் குடல் காசநோயைத் தேடுவேன், அதற்கடுத்து கிரோன் நோய் என்ற குடல் அழற்சியை. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போலத் தோற்றம் காட்டும், வைத்தியமோ நேரெதிர். வாரக்கணக்கில் ரத்தமும் சளியும் போனால் பெருங்குடல் புண் அழற்சி. பித்தப்பையை எடுத்தபின் தொடங்கிய போக்கு என்றால் பித்த அமிலம். படுக்கையில் இருக்கும் முதியவருக்கு வாரக்கணக்கில் மலச்சிக்கல் இருந்து திடீரெனத் தண்ணீராகக் கசிந்தால், உள்ளே கெட்டிப்பட்டு அடைத்திருப்பதன் ஓரமாகக் கசிகிறது என்று பொருள். அவருக்குப் போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் நிலைமை கெட்டுவிடும். கிருமியால் வந்த கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு, கிருமி போனபின்னும் குடல் மாதக்கணக்கில் முறுக்கிக்கொண்டிருப்பதும் உண்டு. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அப்படி ஆகிறது.

குழந்தைக்குப் போனால் காரணம் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும் முதலில். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்து அண்டா அண்டாவாக வைத்துக் குடிக்கக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். உங்களைப்போன்ற சர்க்கரை உள்ளவர்களும், கடுமையான போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். குடிக்கலாம். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான்.

எல்லாருக்கும் பொதுவாக, இவற்றில் ஏதாவது இருந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்:

- விட்டு விட்டு வராமல் ஒரே பிடியாக நிற்கும் வலி, அல்லது தொப்புளில் தொடங்கி வலது கீழ்ப்பக்கம் நகர்ந்து நிலைத்துவிட்ட வலி
- மலத்தில் ரத்தம், அல்லது தார்போலக் கறுத்த மலம்
- குடித்ததெல்லாம் வாந்தி, சிறுநீர் குறைவது, எழுந்தால் கண் இருட்டுவது
- மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலி
- சர்க்கரை உள்ளவருக்கு மேல்வயிற்று வலியோடு வியர்வை. இது இதயமாக இருக்கலாம்

கடுமையான போக்கும் வாந்தியும் சேர்ந்து உடம்பில் நீர் வற்றும் நாட்களில் மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். சிறுநீரகம் தளர்ந்த நேரத்தில் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் அபாயம் அரிதென்றாலும், வந்தால் பெரியது.

மருத்துவரிடம் போகும்போது

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், பாதி தின்ற அட்டை, கடையில் வாங்கியது, சூரண டப்பா, அந்த மிட்டாய் உறை உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள். கூச்சப்பட்டு எதையும் வீட்டில் விட்டுவிடாதீர்கள். ஒரு வாரத்துக்கு, எத்தனை மணிக்குப் போனது, எப்படிப் போனது, மாத்திரை எப்போது, சாப்பாடு எப்போது, நடுக்கம் எப்போது என்று ஒரு பாக்கெட் நோட்டில் குறியுங்கள். நடை நேரம் குறித்துப் பழகிய கை, இது உங்களுக்குச் சிரமமில்லை.

ரத்த அணுக்கள், சிறுநீரகச் செயல்பாடு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டு, வயிற்று ஸ்கேன், மலப் பரிசோதனை இவ்வளவும் முதல் சுற்றுக்குப் போதும். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற சோதனையும் கேட்டுப் பாருங்கள். அது இயல்பாக இருந்தால் குடல் அழற்சி இல்லை என்று பெருமளவு நம்பலாம், கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போடவும் உதவும். இவற்றில் பெரும்பாலானவை அரசு மருத்துவமனையிலேயே நடக்கும். "அமீபாவுக்கு மருந்து கொடுங்கள்" என்று தொடங்காதீர்கள். "மெட்ஃபார்மினை 1000 ஆக்கியதிலிருந்து போகிறது, ஐந்து நாள் மறந்தபோது நின்றது, காலையில் நான் சாப்பிடுவதில்லை" என்று இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.

காலையில் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும். 4.50 நடைக்கு முன் முடியாது என்றால், மருத்துவரைக் கேட்டு காலை மாத்திரைகளை முதல் நடை முடிந்து நிற்கும் இடைவெளிக்கு, இரண்டு இட்லியோடு சேர்த்து நகர்த்திக்கொள்ளலாம். கிளை மேலாளரிடம் மருத்துவச் சான்றோடு பேசி ஒரு மாதத்துக்கு நடை மாற்றிக் கேட்பதும் தவறில்லை. வயிற்றுப்போக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், சர்க்கரை இறங்குகிறது என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே.

இடமாற்ற விண்ணப்பத்தைக் கிழிக்க வேண்டாம், அலமாரியில் இருக்கட்டும். மருந்தை மாற்றி வயிறு அடங்கியபின் ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போய்வாருங்கள். இந்த முறை மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும், தண்ணீர் எப்படி இருந்தது என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.